மலையகத்து வீடுகளில் டயல்-அப் இன்டர்நெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களின் கடைசியிலிருந்து அட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் மோடம் பூட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். இப்போதைய பிள்ளைகளும், வெளிநாட்டில் குடியேறிய நம் ஊர்க்காரர்களும் அந்தக் காலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இலங்கை இன்டர்நெட் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொழும்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். மலைக்கு மேலே நாங்கள் யோசித்துத் தீர்மானிக்க வேண்டியிருந்த விஷயங்கள் வேறு.

டயல்-அப் என்றால் என்ன?

வீட்டு டெலிபோன் லைனிலேயே கணினி இன்னொரு கணினிக்குக் கோல் எடுப்பது. மோடம் என்ற கருவி, கணினியின் தரவைச் சத்தமாக மாற்றி லைனில் அனுப்பும். வரும் சத்தத்தைத் திரும்பத் தரவாக்கும். டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான சத்தம்தான் அதில் போகும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியிருந்ததால்தான் வேகம் குறைவு. இணைப்பில் இருக்கும் நேரம் முழுக்க, ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதைப் போல பில் ஏறும்.

இலங்கையில் இது எப்போது தொடங்கியது?

1990களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்புதான் ஆரம்பம். பேராதனையில் படித்த மலையகத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் டெலிபோன் வருவதற்கு முன்பே மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தது அதனால்தான். பொதுமக்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்த முதல் நிறுவனம் லங்கா இன்டர்நெட் சர்விசஸ், 1995இல். அப்புறம் டெலிகொம்மின் எஸ்எல்டிநெட்டும் வேறு சில நிறுவனங்களும் வந்தன.

எந்த நிறுவனத்தின் இணைப்பை எடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

வாடிக்கையாளர்கள் முதலில் கேட்டது இதைத்தான். ஆனால் மலையகத்தில் இது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, உங்கள் வீட்டு லைன் எப்படி இருக்கிறது? இரண்டாவது, நீங்கள் கோல் எடுக்கும் எண்ணுக்கு எந்தக் கட்டணம்? நிறுவனம் இவற்றுக்குப் பிறகுதான்.

கட்டண விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணம் குறைவென்று விளம்பரம் பார்த்து ஓடியவர்கள் உண்டு. அந்த நிறுவனத்தின் எண் கொழும்பில் இருந்து, அட்டனிலிருந்து எடுக்கும் கோல் வெளியூர்க் கோலாகக் கணக்கிடப்பட்டால் மிச்சம் பிடித்த காசு முதல் வாரத்திலேயே போய்விடும். ஆகவே, "உள்ளூர்க் கட்டணத்தில் எடுக்கக்கூடிய எண் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கச் சொல்வேன். இல்லை என்றால் மற்ற சலுகைகளைக் கேட்கவே தேவையில்லை. அடுத்தது, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அந்த எண் கிடைக்கிறதா என்பது. பகலில் முதல் தடவையிலேயே கிடைக்கும் எண், எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு எங்கேஜாகவே இருக்கும். காசு கட்டுவதற்கு முன் இரவில் சாதாரணப் போனிலிருந்தே அந்த எண்ணுக்கு எடுத்துப் பார்க்கலாம். கீச்சென்ற சத்தம் கேட்டால் சரி, வைத்துவிடலாம்.

லைன் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

போனை எடுத்து, டயல் டோன் நிற்பதற்காக ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். நல்ல லைனில் ஏறத்தாழ அமைதியாக இருக்கும். இடைவிடாத இரைச்சல், பொரிவது போன்ற சத்தம், 'ம்ம்' என்ற மின்சார முனகல், தூரத்தில் யாரோ பேசுவது, இவற்றில் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பொரியும் சத்தம் பெரும்பாலும் ஈரம் ஏறிய மூட்டு. முனகல் என்றால் மின்கம்பியோடு நெருங்கி ஓடும் கம்பி, அல்லது எங்கோ தோல் உரிந்து நிலத்தைத் தொடும் கம்பி. மற்றவர் பேச்சுக் கேட்டால் பக்கத்து லைனோடு கலக்கிறது.

இந்தச் சோதனையை மழை நாளிலும் செய்ய வேண்டும். அதைத்தான் கொழும்புக்காரர்கள் சொல்லித் தர மாட்டார்கள். கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை பக்கம் வருட முடிவில்தான் பெரிய மழை. பெப்ரவரி மாதத்து வெயிலில் பூட்டிக் கொடுத்த மோடம் 44 ஆயிரத்தில், அதாவது விநாடிக்கு 44 ஆயிரம் பிட் வேகத்தில் இணையும். ஜூன் மாதத்தில் அதே மோடம், அதே வீடு, 19 ஆயிரத்துக்கு இறங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்து விழும். உடனே மோடம் பழுது என்று கழற்றிக்கொண்டு வருவார்கள். உண்மையில் மழை நீர் போயிருப்பது கம்பத்து மூட்டுக்குள்.

தூரமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் டெலிபோன் லைன்கள் எல்லாம் போய்ச் சேரும் எக்ஸ்சேஞ்ச் டவுனில் இருக்கும். எதிர் மலையில் வீடு. கண்ணால் பார்த்தால் கூப்பிடு தூரம். ஆனால் கம்பி பாதையோடு போகும், பாதை மலையைச் சுற்றிப் போகும். அப்படி நீண்டு வரும் செம்புக் கம்பியில் சிக்னல் தேய்ந்துகொண்டே வரும். யூக்கலிப்டஸ் கிளை விழுந்து அறுந்து, முறுக்கி ஒட்டிய இடங்கள் வழியெங்கும் இருக்கும்.

லைன் மோசம் என்று தெரிந்தால் இரண்டு வேலைகள் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் புதிதாக இழுப்பது நம் கையில். பழைய வீடுகளில் வாசலில் வரும் லைனை அறைக்கு அறை பிரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேரே மோடத்துக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். வெளியே உள்ளதை டெலிபோன் அலுவலகம்தான் சரிசெய்ய வேண்டும். அங்கே "இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்று முறைப்பாடு கொடுத்தால் வேலை நடக்காது. லைன் அவர்களுடையது, இன்டர்நெட் வேறொருவருடையது. "பேசும்போது இரைச்சல் கேட்கிறது" என்று சொன்னால் ஆள் வருவார்.

பெட்டியில் 56 ஆயிரம் என்று போட்டிருந்தும் ஏன் அந்த வேகம் வரவில்லை?

அந்த வேகம் யாருக்கும் முழுதாக வந்ததில்லை. 1998இல் வந்த வி.90 தரப்படி, சேவை நிறுவனத்தின் பக்கம் டிஜிட்டலாக இருந்து, வழியில் ஒரேயொரு இடத்தில் மட்டும் டிஜிட்டல் சிக்னல் அனலாக்காக மாறினால்தான் 33.6 ஆயிரத்தைத் தாண்ட முடியும். ஒரு ஜோடிக் கம்பியில் இரண்டு வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் கருவி இடையில் இருந்தால் இன்னொரு தடவை மாறும், வேகமும் விழும். அனுப்பும் வேகமோ அந்தத் தரத்தில் 33.6க்குள்தான்.

இரைச்சல் லைனில் 40க்கு மேல் முயன்று முயன்று அறுவதைவிட, மோடத்தை 33.6க்கு மேல் போகாதபடி கட்டிவைப்பது நல்லது. பலர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள், 56க்குக் காசு கொடுத்தோமே என்று. ஆனால் அறாமல் ஓடும் 28 ஆயிரம், அறுந்து அறுந்து ஓடும் 44 ஆயிரத்தைவிடப் பல மடங்கு பயன் தரும்.

உள்ளே பூட்டும் மோடமா, வெளியே வைக்கும் மோடமா?

கையில் காசு இருந்தால் வெளி மோடம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குக் கணினி வாங்கப் போனவர்களுக்கு உள் மோடத்தைத்தான் மலிவாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸை நம்பி ஓடும் மென்பொருள் மோடங்கள். மோடம் செய்ய வேண்டிய வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும். இரைச்சல் லைனைத் தாங்கும் திறனும் குறைவு. வெளி மோடத்தில் விளக்குகள் இருக்கும், என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இடி விழுந்தால் அது மட்டும் போகும் வாய்ப்பும் அதிகம். உள் மோடம் எரியும்போது சில நேரம் மதர்போர்டையும் கொண்டு போய்விடும்.

இடி, மின்னலுக்கு என்ன செய்தீர்கள்?

போன் கம்பியைக் கழற்றினோம். வேறு வழி இல்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை கூடும். கணினியை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். சுவிட்சை நிறுத்தினாலும் போன் கம்பி மோடத்தில்தான் மாட்டியிருக்கிறது. மின்னல் ஓடி வரும் வழி அது. மலை உச்சி வீடுகளுக்குக் கிலோமீற்றர் கணக்கில் திறந்த வெளியில் கம்பி வருகிறது. போன் கம்பி, மின்சார பிளக் இரண்டையும் கழற்ற வேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போதே கழற்றிவிட்டுப் போகச் சொல்வேன். சொன்னபடி செய்த வீடுகளில் ஒரே மோடம் வருடக்கணக்கில் ஓடியது. வளைந்து வளைந்து ஏறும் டெலிபோன் கம்பியில் ஏடிஎஸ்எல் என்ற வேகமான இணைப்பை இன்றைக்கும் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பில் எவ்வளவு வந்தது?

காலத்துக்குக் காலம் கட்டணம் மாறியது, இரவில் மலிவாகவும் இருந்தது. ஆகவே கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 1 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 1,800 ரூபா, சேவைக் கட்டணம் தனி. மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெட்டிவிட்டால் 300 ரூபா. வீட்டில் பிள்ளை இருந்தால் எந்தக் கணக்கு வரும் என்பதை அம்மா அப்பாதான் முடிவு செய்ய வேண்டும். மாதாந்த இணைப்பு தினமும் பாவிப்பவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் வாங்கும் முற்பணக் கணக்கே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரையும் எச்சரித்தேன். சில இணையத்தளங்களிலிருந்து நமக்குத் தெரியாமல் கணினிக்குள் வரும் டயலர் மென்பொருள்கள், இருக்கும் இணைப்பை வெட்டிவிட்டு வெளிநாட்டு எண்ணுக்குத் தானாகவே கோல் எடுக்கும். பில் வந்த பிறகுதான் தெரியும். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் ஐடிடி வசதியைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் கோலுக்கு அதனால் தடை இல்லை. மோடத்தின் சத்தத்தையும் முழுதாக நிறுத்தக்கூடாது. வேளை கெட்ட நேரத்தில் டயல் பண்ணினால் காதில் கேட்க வேண்டும்.

இன்டர்நெட் பாவிக்கும்போது கோல் வந்தால்?

எடுப்பவருக்கு எங்கேஜ் டோன். கோல் வெயிட்டிங் இருந்தால் அதன் 'பீப்' சத்தம் இணைப்பையே அறுத்துவிடும். ஆகவே அந்த வசதியை நிறுத்தச் சொல்வோம். அடுத்த அறையில் எக்ஸ்டென்ஷன் போனைத் தூக்கினாலும் அறும்.

மலையகத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார்களுக்கு, எஜமான் வீட்டில் போனைத் தொட எப்போது அனுமதி கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்த அந்த ஐந்து நிமிடத்தில் இங்கே எங்கேஜ் என்றால், அடுத்த கோலுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அப்படிப்பட்ட வீடுகளில், கோல் வரக்கூடிய நாளில் மோடத்தைத் தொடக் கூடாது என்று முதல் விதியாகவே சொல்லிக் கொடுப்பேன். நள்ளிரவுக்குப் பிறகு, அல்லது விடியற்காலை என்று நேரம் குறித்துக்கொண்டார்கள். எந்த இணைப்பு என்பதைவிட எந்த நேரம் என்பதே அந்த வீடுகளில் பெரிய தீர்மானம்.

அந்த வேகத்தில் என்னதான் செய்ய முடிந்தது?

விநாடிக்கு 4 கிலோபைட் கிடைத்தால் எங்கள் பக்கத்தில் நல்ல நாள். 1 மெகாபைட்டுக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். 100 கிலோபைட் படத்துக்கு 25 விநாடி. ஒரு எம்பி3 பாட்டுக்குக் கால் மணி நேரம். பெரிய கோப்புகளுக்கு, அறுந்த இடத்திலிருந்து தொடரும் கெட்ரைட் போன்ற மென்பொருள் இல்லாமல் முடியாது. 1996இலும் 2001-2002இலும் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்க மின்வெட்டு இருந்தது. லக்ஷபான மின்நிலையத்துக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் பக்கத்திலேயே இருந்தும் எங்களுக்கும் இருட்டுதான். பாதியில் நின்ற கோப்பைத் தொடர முடிவது அப்போது பெரிய உதவி.

கெட்டிக்காரத்தனமாகப் பாவித்தவர்கள் இணைப்பில்லாமலே வேலை செய்தார்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கடிதங்களை எழுதி வைத்துவிட்டு, இணைத்து, அனுப்பி, வந்ததை எடுத்து, வெட்டிவிடுவது. வாசிப்பதும் பதில் எழுதுவதும் பில் ஏறாத நேரத்தில். ஹொட்மெயிலில் நேரே வாசிப்பவர்களுக்கு ஒவ்வொரு கடிதத்துக்கும் பில் ஏறும். அதன் இடமும் நெடுங்காலம் 2 மெகாபைட்தான். கனடாவிலிருந்து மாமா கல்யாணப் படங்கள் நாலு அனுப்பினால் நிறைந்துவிடும்.

தமிழில் வாசிக்க, எழுத முடிந்ததா?

முடிந்தது, சிரமப்பட்டு. இலங்கையில் பாமினி எழுத்துருதான் அதிகம். அது பெறுபவரின் கணினியில் இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பத்திரிகைத் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு கேட்டன. வேறு சிலர் டிஸ்கி என்ற இன்னொரு தமிழ் எழுத்துக் குறிமுறையைப் பாவித்தார்கள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகு லதா எழுத்துருவோடு யுனிகோட் தமிழ் கணினியிலேயே கிடைத்தது. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட், பாமினியில் 1 பைட். வேகம் குறையுமே என்று சிலர் பயந்தார்கள். ஒரு பக்கம் நிறைய எழுதினாலும் சின்னப் படமொன்றின் அளவுக்கு வராது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியே காலத்தை ஓட்டினார்கள்.

லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு இந்தத் தெரிவுகள் இருந்தனவா?

இல்லை. மேலே எழுதியதெல்லாம் டவுனில் கடை வைத்திருந்தவர்கள், ஆசிரியர்கள், தோட்டத்து உத்தியோகத்தர்கள் வீடுகளைப் பற்றியது. லயத்து அறைகளில் டெலிபோன் லைன் அபூர்வம்.

கம்பி எட்டாதது மட்டும் காரணமல்ல. காணியும் லயமும் தோட்ட நிர்வாகத்தின் கையில். லயத்து அறைக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதமே தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் வரும். லைனுக்கு விண்ணப்பிக்க முகவரியும் அடையாள அட்டையும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களில், மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், அடையாள அட்டை எடுக்க முடியாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். கொழும்பில் வேலை செய்யும் மகன் கணினி வாங்கிக் கொடுத்தும், இணைக்க லைன் இல்லாமல் பிள்ளைகள் அதில் தட்டெழுத்து மட்டும் பழகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இன்றும் எனக்குக் கோபம் வரும் விஷயம் இது. ஆற்று நீர் மின்சாரமாகி நாட்டுக்கெல்லாம் போனது, தேயிலை உலகத்துக்கெல்லாம் போனது. அதே மலைக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி வரவில்லை.

அவர்களுக்கு இருந்தது டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடை. போன், பெக்ஸ், போட்டோகொப்பியோடு ஒரு கணினியும் இருக்கும், நிமிடக் கணக்கு. சொல்லச் சொல்லக் கடைக்காரரே மின்னஞ்சலைத் தட்டி அனுப்புவார். 2000களின் நடுப்பகுதியில் அரசின் ஈ-ஸ்ரீலங்கா திட்டத்தில் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்ட பிறகு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

சன்டெல், லங்கா பெல் போன்ற வயர்லெஸ் போன்களில் இன்டர்நெட் வந்ததா?

இரண்டும் 1996இல் அனுமதி பெற்ற நிறுவனங்கள். வானலை போன்களில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறை இருந்தால் சாதாரண மோடம் திணறும். உண்மையான மாற்றம் 2005இலிருந்து பரவிய சிடிஎம்ஏ போன்கள். கம்பி தேவையில்லை. போனையே கேபிளால் கணினியோடு இணைக்கலாம். ஏட்டின்படி விநாடிக்கு 153 கிலோபிட் வரை, நடப்பில் அதைவிடக் குறைவு, ஆனாலும் டயல்-அப்பைவிட மேல். இங்கே கேட்க வேண்டிய கேள்வி மாறியது: வாசலில் நின்றால் கோபுரம் தெரிகிறதா? உச்சியில் இருந்த தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களுக்கு நல்ல சிக்னல், பள்ளத்தில் இருந்தவர்களுக்கு இல்லை. கம்பிக் காலத்தில் கடைசியில் இருந்த மேல் டிவிஷன் முதல் தடவையாக முன்னால் வந்தது. லயத்துக் கூரையில் அன்டனா ஏறியதும் அப்போதுதான்.

ஏடிஎஸ்எல் வந்ததும் எல்லோரும் மாறிவிட்டார்களா?

எக்ஸ்சேஞ்சில் அதற்கான கருவி பூட்டப்பட வேண்டும், கம்பித் தூரம் ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். டவுன்காரர்கள் மாறினார்கள். தோட்டப் பக்கத்தில் பலர் டயல்-அப்பிலிருந்து நேரே சிடிஎம்ஏக்கும் பிறகு 3ஜி டொங்கிளுக்கும் போனார்கள்.

பழைய கணினியில் இருக்கும் கடிதங்களை இப்போது எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். தயவுசெய்து அந்தக் கணினியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஹொட்மெயிலில் மட்டும் வாசித்தவை, கணக்கைப் பாவிக்காமல் விட்டிருந்தால் போயிருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எடுத்தவை வன்தட்டிலேயே இருக்கும்: அப்ளிகேஷன் டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள், ஐடென்டிடீஸ் என்பதன் கீழ், டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளாக. வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த கணினியை எடுத்த எடுப்பில் ஓன் பண்ணாமல், வன்தட்டை மட்டும் கழற்றி, ஐடிஈ-யுஎஸ்பி கேபிளால் இன்னொரு கணினியில் மாட்டி முதலில் எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுங்கள். டிபிஎக்ஸை இன்றைய மெயில் மென்பொருள் வாசிக்கும்படி மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. திறந்த பிறகு ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அழிக்க வேண்டாம். அது பாமினியாக இருக்கும். யுனிகோடுக்கு மாற்றினால் கடிதம் வாசிக்கக் கிடைக்கும்.